அப்பா பெயரில் வந்த 6,000 ரூபாயும் அண்ணன் நீட்டும் விடுதலைப் பத்திரமும்

வாசகர் கேள்வி – வழக்கறிஞர் பதில்

கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 41 வயது வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தவிர்த்திருக்கிறோம். கடிதத்தின் சாரம் இது:

"அப்பாவுக்கு 2 ஏக்கர் 30 சென்ட் புஞ்சை. அதில் 80 சென்ட் அவரே வாங்கியது, மீதி தாத்தா வழியாக வந்தது. 2019 முதல் அவர் கணக்கில் பி.எம். கிசான் பணம் (விவசாயிகளுக்கான மத்திய அரசின் உதவித்தொகை) ஏறிக்கொண்டிருந்தது. 2021 ஜூனில் காலமாகிவிட்டார். அதற்குப் பிறகும் அந்த ஆகஸ்ட்டில் ஒன்று, 2022 ஜனவரியில் ஒன்று, மே கடைசியில் ஒன்று என மூன்று தவணை வந்தது. ஏ.டி.எம். அட்டை வீட்டில்தான் இருந்தது. அம்மா எடுத்து உரத்துக்கும் கூலிக்கும் செலவு செய்தார். கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு) செய்யச் சொன்ன பிறகு பணம் நின்றுபோனது. இப்போது 6,000 ரூபாயைத் திருப்பிக் கட்டச் சொல்லி வேளாண்மை அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது.

அண்ணன் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியர், டவுனில் குடியிருக்கிறார். 'அம்மா மேல கேஸ் போட்டு உள்ளே வைப்பாங்க. நிலம் என் பேருக்கு வந்தா நான் பேசி முடிச்சுடுவேன். நீ விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடு. உன் அண்ணி பேர்ல கிசான் பணம் வாங்கி அம்மாவுக்கே கொடுத்துடறேன்' என்கிறார். 25 பவுன் போட்டுக் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பூர்வீகத்தில் பங்கில்லை என்றும் சொல்கிறார். போன மாதம் எதுவும் எழுதாத 20 ரூபாய் பத்திரத் தாளில் அம்மாவிடம் கைரேகை வாங்கிப் போயிருக்கிறார். எனக்கு 2004-ல் திருமணம் ஆனது. கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அப்பா போனதிலிருந்து நாங்கள்தான் அம்மாவோடு இருந்து மக்காச்சோளமும் மரவள்ளியும் போடுகிறோம். கம்ப்யூட்டர் சென்டரில் 500 ரூபாய் கொடுத்தால் என் பேரில் கிசான் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். விட்டுப்போன வருடங்களுக்கும் சேர்த்து வரும், அதில் 6,000-ஐக் கழித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். என்ன செய்வது?"

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று 6,000 ரூபாய், இன்னொன்று 2 ஏக்கர் 30 சென்ட். சின்னதைக் காட்டிப் பயமுறுத்திப் பெரியதைக் கேட்கிறார்கள். இரண்டையும் பிரித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஆகவே முதலில் பணத்தை முடிப்போம்.

அம்மாவை ஜெயிலில் போடுவார்களா?

இந்த மூன்று தவணைக்காக அப்படி நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. மோசடிக் குற்றம் என்றால் ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். அம்மா பொய்யாக எந்த விண்ணப்பமும் போடவில்லை, அப்பா உயிரோடு இருப்பதாக யாரிடமும் கையெழுத்துப் போட்டுச் சொல்லவில்லை. பழைய பதிவின் பேரில் தானாக வந்த பணத்தை எடுத்திருக்கிறார். அது தவறுதான், மறுப்பதற்கில்லை. பயனாளி இறந்த அன்றோடு அவர் பெயரிலான உரிமை முடிந்துவிடுகிறது. வங்கிக்கும் வேளாண்மை அலுவலகத்துக்கும் தகவல் சொல்லியிருக்க வேண்டும். இறந்தவரின் ஏ.டி.எம். அட்டையை மனைவியே ஆனாலும் பயன்படுத்தக் கூடாது. ஆனால் தெரியாமல் செய்த தவறு என்ற நிலை, நோட்டீஸ் கைக்கு வரும்வரை மட்டுமே உறுதியாக நிற்கும். வந்த பிறகும் பேசாமல் இருந்தால் அந்த வாதம் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போகும்.

உங்கள் பக்கத்து ஜனங்களுக்கு 2020 நினைவிருக்கும். அந்த ஆகஸ்ட்டில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம்தான் பி.எம். கிசான் முறைகேடு பெரிதாக வெடித்தது. நிலமே இல்லாதவர்களை லட்சக்கணக்கில் சேர்த்து, ஏறக்குறைய 110 கோடி ரூபாய் போயிருந்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. பெயர் சேர்க்கப்பட்டவர்களின் கணக்கிலிருந்து பணத்தைத் திரும்ப எடுத்தார்கள். கைதானவர்களில் தரகர்கள், கணினி மையக்காரர்கள், அலுவலக ஒப்பந்தப் பணியாளர்கள் இருந்தார்கள். ஊரில் இன்னும் இருக்கும் பயம் அங்கிருந்து வந்தது. உங்கள் அம்மாவின் கதை அந்த ரகம் இல்லை. அப்பா நிஜமான விவசாயி, நிஜமான பட்டாதாரர்.

எனவே கட்டிவிடுங்கள். கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். விட்டுப்போன வருடங்களுக்குப் பணம் வரும் என்று சொன்னவர் உங்களிடம் தவறாகச் சொல்லியிருக்கிறார். ஒருவர் பெயர் எந்த நான்கு மாதக் காலத்தில் பதிவேறுகிறதோ அதிலிருந்துதான் தவணை கணக்கு, பின்னோக்கிக் கிடையாது. கட்டுவதற்கு முன் எந்தெந்தத் தவணை, அப்பாவின் பதிவு எண் என்ன என்று வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மூன்று தவணைதானா என்பதை வங்கிப் பாஸ்புக்கில் சரிபாருங்கள். அலுவலகத்தில் யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். அவர்கள் சொல்லும் அரசுக் கணக்கில் வங்கி வழியாகவோ, திட்டத்தின் இணையதளத்தில் உள்ள பணம் திருப்பும் வசதியிலோ கட்டி ரசீது வாங்குங்கள். கூடவே, கணவர் இன்ன தேதியில் இறந்தார், விவரம் தெரியாமல் எடுத்துவிட்டேன், முழுவதையும் கட்டிவிட்டேன் என்று அம்மா பெயரில் ஒரு கடிதம், இறப்புச் சான்று நகலோடு. அலுவலக முத்திரை வைத்த ஒப்புகை உங்களிடம் இருக்க வேண்டும். வங்கிக்கும் இறப்புச் சான்று கொடுத்து அந்தக் கணக்கை முடித்துவிடுங்கள்.

இதற்கு அண்ணன் 'பேசி முடிக்க' வேண்டிய அவசியமே இல்லை.

அண்ணி பேரில் ஏன் வராது

பி.எம். கிசான் ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒரு முறை 2,000. தொடங்கியபோது 2 ஹெக்டேர் வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்றிருந்தது. 2019 நடுவிலேயே அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். ஆகவே பலரும் நிலம் இருந்தால் போதும், யார் பேரிலாவது போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். அங்கேதான் தடுக்கிறது.

இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது நிறையாத பிள்ளைகள். அதில் ஒருவர் நிரந்தர அரசு ஊழியராகவோ, கடைசி மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவராகவோ இருந்தால் மொத்தக் குடும்பத்துக்கும் கிடையாது. கடைநிலை ஊழியர்களுக்கு மட்டும் அரசு ஊழியர் விலக்கு பொருந்தாது. ஆசிரியர் கடைநிலை இல்லை. எனவே அண்ணனுக்கும் கிடையாது, அண்ணிக்கும் கிடையாது.

இன்னொரு கதவும் மூடியிருக்கிறது. 2019 பிப்ரவரி 1-ஆம் தேதி யார் பெயரில் நிலம் இருந்தது என்பதுதான் அடிப்படை. அதற்குப் பிறகு கிரயமாகவோ தானமாகவோ கை மாறிய நிலத்துக்குப் பணம் இல்லை. நிலத்துக்காரர் இறந்து வாரிசுகளுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விதிவிலக்கு. நீங்கள் அண்ணனுக்கு விடுதலை எழுதி, அவர் அண்ணிக்கு எழுதி வைத்தால் அது வாரிசுரிமையில் வந்த நிலமே ஆகாது. 2019 பிப்ரவரிக்குப் பின் நிலம் வாங்கியவர்கள், ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் வாங்குபவர்கள் என்று சந்தேகப் பட்டியல் எடுத்து, தவணையை நிறுத்தி, நேரில் விசாரிக்கிறார்கள். அரசு ஊழியர் வீட்டிலிருந்து பொய் உறுதிமொழி போயிருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் அம்மா இல்லை, அண்ணன்தான். துறை நடவடிக்கை வரை போகலாம். அவர் இதை யோசித்ததாகத் தெரியவில்லை.

சரி, யாருக்குக் கிடைக்கும்? அம்மாவுக்குக் கிடைக்கும். உங்களுக்கும் கிடைக்கும். கூட்டுப் பட்டாவில் இரண்டு தனித்தனிக் குடும்பங்கள் இருந்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 6,000 உண்டு. அம்மா ஒரு குடும்பம், நீங்களும் கணவரும் பிள்ளைகளும் இன்னொரு குடும்பம். உங்கள் கணவர் வருமான வரி கட்டுபவர் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பெயர் பட்டாவில் ஏற வேண்டும். 'நாங்கள்தானே பயிர் செய்கிறோம்' என்று எழுதியிருக்கிறீர்கள். வருத்தத்தோடு சொல்கிறேன், இந்தத் திட்டம் உழுகிறவரைப் பார்ப்பதில்லை, பட்டாவைப் பார்க்கிறது. பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழைக்கும் எத்தனையோ பேருக்கு இதில் ஒரு பைசா கிடையாது. அது சரியா என்றால் சரியில்லை என்றுதான் என் அபிப்பிராயம். இன்றைய விதி அதுதான்.

பங்கு யாருக்கு எவ்வளவு

கடிதத்தை வைத்து நீங்கள் இந்துக் குடும்பம் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். அப்பா உயில் எழுதாமல் இறந்தார் என்றால் அவர் வாங்கிய 80 சென்டில் அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் சம பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி 2021 ஜூனில் உயிரோடு இருந்தாரா? கடிதத்தில் அது இல்லை. இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு, அப்போது நான்காகப் பிரியும்.

தாத்தா வழி வந்ததை எல்லாம் 'பூர்வீகம்' என்று ஊரில் சொல்வார்கள். சட்டம் அவ்வளவு சுலபமாக அப்படி ஒப்புக்கொள்வதில்லை. தாத்தா தானே சம்பாதித்து வாங்கிய நிலமாக இருந்து, 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அவர் உயிலில்லாமல் இறந்திருந்தால், அது அப்பா கைக்கு அவருடைய தனிச் சொத்தாகவே வந்திருக்கும். அப்படியானால் அதுவும் 80 சென்டைப் போலவே சம பங்குதான். தாத்தாவுக்கும் முன்னோர் வழியில் வந்த கூட்டுக் குடும்பச் சொத்து என்றால் கணக்கு மாறும். அதிலும் நீங்கள் மகனுக்குச் சமமான பங்காளி. தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் மகளுக்குப் பங்கு கொடுத்தது, அதற்கு முன் மணமானவர்களை மட்டும் விலக்கியது. உங்கள் திருமணம் 2004-ல். 2005 செப்டம்பர் 9-ல் வந்த மத்தியத் திருத்தம் திருமணத்தைப் பார்ப்பதே இல்லை. 2020 ஆகஸ்ட்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் தெளிவாக்கிவிட்டது. 25 பவுன் நகைக்கு இதில் எந்த வேலையும் இல்லை. நகை போட்டதால் பங்கு போய்விட்டது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

விடுதலைப் பத்திரமும் அந்த 20 ரூபாய் தாளும்

அண்ணனுக்கு ஒருபோதும் விட்டுக்கொடுக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மனமுவந்து கொடுப்பது உங்கள் உரிமை. பணம் வாங்கிக்கொண்டு விடுவிக்கலாம். கிணறு இருக்கும் பக்கம் உங்களுக்கு, ரோட்டோரம் அண்ணனுக்கு என்று பாகப்பிரிவினை செய்துகொள்ளலாம். நான் வேண்டாம் என்பது, ஆண்டுக்கு 6,000 ரூபாய் கிசான் பணத்துக்காக என்ற காரணத்தைத்தான். மேலே பார்த்தபடி அந்தக் காரணமே நிற்கவில்லை. பதிவான விடுதலைப் பத்திரத்தை ஏமாற்றி வாங்கினார்கள் என்று நிரூபித்து ரத்து செய்ய வேண்டுமானால் சிவில் வழக்கு போட வேண்டும். விஷயம் தெரிந்ததிலிருந்து 3 ஆண்டுக்குள் போட வேண்டும். எழுதிக் கொடுப்பது ஒரு காலைப் பொழுது வேலை. மீட்பது அப்படி இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அம்மாவின் கைரேகைதான். நீங்கள் அதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். பதிவு செய்யாத தாளைக் கொண்டு நிலப் பங்கை மாற்ற முடியாது, அந்த வகையில் பயப்பட வேண்டாம். ஆனால் வெற்றுத் தாளில் கடன் சீட்டும் எழுதலாம், விற்பனை உடன்படிக்கையும் எழுதலாம், பட்டா மாறுதலுக்கு 'சம்மதக் கடிதம்' என்றும் எழுதலாம். அண்ணன் அப்படிச் செய்வார் என்று சொல்லவில்லை. தாள் கை மாறினால் அவர் பொறுப்பிலும் இருக்காது. இன்ன தேதியில் எதுவும் எழுதாத தாளில் கைரேகை வாங்கப்பட்டது, நான் எதற்கும் சம்மதிக்கவில்லை, தாளைத் திருப்பிக் கொடுக்கவும் என்று அம்மா பெயரில் அண்ணனுக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள், நகலை வட்டாட்சியருக்குக் கொடுங்கள். வார்த்தைகள் மரியாதையாக இருக்கட்டும். நாளை ஒரு நீதிபதி படிக்கப்போகும் கடிதம் அது. அம்மாவிடமும் சொல்லிவையுங்கள், படித்துக் காட்டாத எதிலும் இனி கை வைக்க வேண்டாம்.

பட்டாவை முதலில் மாற்றுங்கள்

அப்பா இறந்து இத்தனை வருடம் பட்டா அவர் பெயரிலேயே கிடப்பதால் நீங்கள் இழப்பது 6,000 மட்டும் இல்லை. கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் சிட்டா (நில உரிமை விவரம்) யார் பெயரில் என்று கேட்பார்கள். தவணை தவறாமல் கட்டுபவருக்கு அந்தக் கடனுக்கு வட்டியே இல்லை. மக்காச்சோளத்துக்குப் பயிர்க் காப்பீடு செய்ய அடங்கல் (என்ன பயிர் என்று காட்டும் கிராமப் பதிவு) வேண்டும். கிணற்று மின் இணைப்பும் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கும்.

வரிசை இதுதான்: இறப்புச் சான்று, வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று, பிறகு வாரிசு அடிப்படையில் பட்டா மாறுதல். கடைசி இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அண்ணன் பெயரை விட்டுவிட்டுப் போடாதீர்கள். அவர் வாரிசு, மறைத்தால் அது உங்கள் தவறாகிவிடும். மூவர் பெயரும் கூட்டுப் பட்டாவில் வரட்டும். உட்பிரிவு, அளவை எல்லாம் பிறகு. இதற்கிடையில் அண்ணன் தனியாக விண்ணப்பம் போட்டுவிட்டாரா என்று இணையத்தில் பட்டா எண், புல எண் கொடுத்துச் சிட்டாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். போட்டிருந்தால் உடனே வட்டாட்சியரிடம் எழுத்தில் ஆட்சேபணை. அவர் பெயருக்கே மாறியிருந்தால் 1983-ஆம் ஆண்டு பட்டா பாஸ்புக் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. பட்டாவில் பெயர் இல்லாததாலேயே உங்கள் பங்கு போய்விடாது. உரிமையை முடிவு செய்வது சிவில் நீதிமன்றம்.

500 ரூபாய் கேட்பவர்

பட்டாவில் உங்கள் பெயர் இல்லாத இன்றைய நிலையில் அவர் எதை வைத்துப் பதிவு செய்வார்? அப்பாவின் பழைய பட்டாவைத்தான் ஏற்றுவார். 2020-ல் நடந்ததும் இதன் பெரிய வடிவம்தான். பட்டா மாறிய பிறகு முதலில் விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் வாங்குங்கள். பிறகு வேளாண்மை அலுவலகம் வழியாகவோ திட்டத்தின் தளத்திலோ புதிய பதிவு. வாரிசுரிமையில் வந்த நிலம் என்பதையும் அப்பா இறந்த தேதியையும் தெளிவாகக் காட்டுங்கள். பட்டாவில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒத்துப்போகிறதா பாருங்கள். தலைப்பெழுத்து மாறியிருந்தாலே தட்டிக்கழிப்பார்கள். அம்மாவுக்கு இரண்டு வங்கிக் கணக்கு இருந்தால் ஆதார் எதில் இணைந்திருக்கிறதோ அதில்தான் பணம் ஏறும். உழைத்துத் தேய்ந்த விரலுக்கு ரேகை எடுக்கவில்லை என்றால் கைப்பேசிச் செயலியில் முகம் காட்டி கே.ஒய்.சி. முடிக்க வழி இருக்கிறது. விண்ணப்பம் நகராமல் கிடந்தால் 155261 உதவி எண், ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம், அதற்கும் அசையவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு. 30 நாளில் பதில் தர வேண்டும்.

அண்ணனோடு பேச வேண்டும் என்றால் வீட்டுத் திண்ணையில் பேச வேண்டாம். உங்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். பெண்கள் என்பதால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே உங்களுக்கும் அம்மாவுக்கும் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். வழக்குப் போடும் முன்பே அண்ணனைச் சமரசத்துக்கு அழைக்கச் சொல்லி மனுக் கொடுக்கலாம். பெரும்பாலான ஆசிரியர்கள் அந்த அழைப்பாணையை மதித்து வந்துவிடுவார்கள். ஆனால் ஒன்று, இப்படிச் சமரசம் பேசும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதும் முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. எத்தனை சென்ட், எந்தப் புல எண், கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறைத் தண்ணீர் என்பதெல்லாம் அந்தத் தாளில் எழுத்தாக வந்த பிறகு, அம்மாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.